சிம்னி அக்கா

அவருடைய பெயர் எனக்குத் தெரியாது. ஒன்றரை வருடம் ஒரே அறையில், ஒன்றின்மேல் ஒன்றாகப் போட்ட கட்டிலில், அவர் கீழேயும் நான் மேலேயுமாகப் படுத்திருந்தோம். நாங்கள் வேலை செய்த வீட்டு மேடம் கூப்பிட ஒரு பெயர் இருந்தது. அது பாஸ்போர்ட்டில் இருந்த பெயர். ஏஜென்ட் வேறு யாருடைய சான்றிதழையோ வைத்து எடுத்தது என்று ஒரு நாள் வெங்காயம் உரிக்கும்போது அவரே சொன்னார். அப்படியானால் உண்மையான பெயர் என்ன என்று கேட்டேன். அது தெரிந்து நீ என்ன செய்யப்போகிறாய் என்று திருப்பிக் கேட்டார். நான் அக்கா என்றே கூப்பிட்டுப் பழகிவிட்டேன்.

மணலும் வெயிலும்தான் இருக்கும் என்று நினைத்து அரியலூர்ப் பக்கத்திலிருந்து விமானம் ஏறியவள் நான். அப்ஹா அப்படிப்பட்ட ஊர் இல்லை. சவூதியின் தெற்கே, மலைமேல் இருக்கிறது. குளிர்காலத்தில் பனிமூட்டம் ஜன்னல் வழியாக உள்ளே வந்து சமையலறைப் பாத்திரங்களின்மேல் நீராக உட்காரும். நான் கொண்டுபோனதெல்லாம் மெல்லிய நைட்டிகள். முதல் நாள் நடுங்கிக்கொண்டு நின்ற என்னிடம் அக்கா ஒரு பழைய ஸ்வெட்டரைக் கொடுத்தார். கொடுப்பதற்கு முன் அதன் இரண்டு பைகளையும் வெளியே இழுத்துக் காட்டினார்.

"பாத்துக்கோ, உள்ளுக்கு ஒன்னும் இல்ல. நாளைக்கு ஏதாவது காணாமப் போனா இதுக்குள்ள இருந்துச்சுன்னு யாரும் சொல்லக் கூடாது."

நான் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை.

அந்த வாரமே என் ஊர், அம்மா அப்பா, கூடப் பிறந்தவர்கள் எத்தனை பேர் என்றெல்லாம் கேட்டார். நான்கு நாள் கழித்து அதே கேள்விகளை வரிசை மாற்றிக் கேட்டார். முதல் தடவை இரண்டு அண்ணன் என்று சொல்லியிருந்தேன். இரண்டாம் தடவை, வீட்டில் எங்களோடு வளர்ந்த பெரியப்பா மகனையும் சேர்த்து மூன்று என்றேன். அதற்குப் பிறகு ஒரு மாதம் என் முன்னால் அவர் தன் அலமாரியைத் திறக்கவே இல்லை. எல்லாரிடமும் இப்படித்தான் செய்வார் என்பது எனக்குப் பிறகுதான் தெரிந்தது. ஒரு பதிலை அவர் பதிலாகவே எடுத்துக்கொள்வதில்லை. இரண்டாவது பதில் வந்து முதல் பதிலோடு பொருந்த வேண்டும். ரியாத்தில் பள்ளிக்கூடச் சமையல் வேலை என்று சொல்லி அவரைக் கூட்டிவந்திருந்தார்கள். இறக்கிவிட்டது அப்ஹாவில் இந்த வீட்டு வாசலில். அதற்கும் முன்பே இப்படி இருந்தாரா, அதற்குப் பிறகு இப்படி ஆனாரா, எனக்குத் தெரியாது.

வீட்டில் நாங்கள் பாபா என்று கூப்பிடும் முதலாளி, மேடம், பாபாவின் வயதான தகப்பனார். தகப்பனாருக்குக் குளிர் ஆகாது. கீழ்த்தளத்தில் விருந்தினர் உட்காரும் மஜ்லிஸ் அறையில் கண்ணாடிக் கதவு வைத்த இரும்பு அடுப்பு ஒன்று இருந்தது. விறகு போட்டு எரிப்பது. அதன் குழாய் கூரையைத் துளைத்து, மேல்தளச் சுவரோரமாக ஏறி, மொட்டை மாடியில் போய்த் தலையை நீட்டும். கார்த்திகை தொடங்கினால் பங்குனி வரைக்கும் கிழவர் அதன் முன்னால்தான் இருப்பார். அந்த அடுப்பும் குழாயும் அக்காவின் பொறுப்பு. அவர் இலங்கையில் மலைநாட்டுத் தோட்டத்தில் பிறந்தவர். நுவரெலியாப் பக்கம் துரை பங்களாவில் பதினோரு வருடம் வேலை. அங்கே மூன்று கணப்பு, மூன்று சிம்னி.

ஆள்மேல் இல்லாத நம்பிக்கை அடுப்பின்மேலும் அவருக்கு இல்லை. விறகு கொண்டுவருகிறவன் நன்றாகக் காய்ந்தது என்பான். அக்கா இரண்டு கட்டையை எடுத்து ஒன்றோடொன்று தட்டிப் பார்ப்பார். சத்தம் கணீரென்று வராவிட்டால் வண்டியோடு திருப்பி அனுப்புவார். பற்றவைக்கும் முன் செய்தித்தாளைத் திரியாகச் சுருட்டிக் கொளுத்தி, குழாயின் வாயருகே பிடித்து, புகை மேலே போகிறதா, முகத்துக்குத் திரும்புகிறதா என்று பார்ப்பார். அடுப்புக் கதவின் ஓரத்தில் புகை கசியாமல் அடைத்து ஓடுகிற கயிறு தேய்ந்துவிட்டதா என்று தெரிய, ஒரு காகிதத் துண்டை இடையில் வைத்துக் கதவைச் சாத்தி இழுத்துப் பார்ப்பார். சுலபமாக உருவிக்கொண்டு வந்தால் கயிறு மாற்றும்வரை தீ கிடையாது. கிழவர் கெஞ்சுவார். அக்கா காதில் போட்டுக்கொள்ள மாட்டார்.

ஆறு வருடத்துக்கு முன், அக்கா இந்த வீட்டுக்கு வந்த புதிதில், சிம்னி சுத்தம் செய்கிற கம்பெனி ஆள் ஒருவனை பாபா கூட்டிவந்தாராம். அவன் கீழேயிருந்தே மெஷின் வைத்து உறிஞ்சிவிட்டு, கலாஸ், முடிந்தது, சுத்தம் என்று கையைத் தட்டிவிட்டுப் போனான். அவன் வண்டி தெருவைத் தாண்டியதும் அக்கா மாடிக்குப் போனார். நீளக் கம்பிகளை ஒன்றோடொன்று திருகி, முனையில் கம்பி பிரஷை மாட்டி மேலிருந்து விட்டார். அரை வாளி கரி விழுந்தது. பாதி தூள், பாதி கீல் மாதிரிப் பளபளவென்று கெட்டியாக. அந்தக் கெட்டிக்கரிதான் தீப்பிடிக்கும், வீடே போகும் என்றார். வாளியை அப்படியே கொண்டுபோய் மேடத்தின் முன்னால் வைத்தார். மேடத்துக்கு அது பிடிக்கவில்லை. வேலைக்காரி சரியாகச் சொல்லிவிட்டால் சிலருக்குப் பிடிக்காது.

அதிலிருந்து ஒவ்வொரு குளிர்காலமும் வியாழக்கிழமை தோறும் மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு அக்கா மாடிக்குப் போவார். மாடிக் கதவை வெளிப்பக்கமாகத் தாழ் போட்டுக்கொள்வார். என் சந்தேகம் தொடங்கியது அங்கேதான்.

பிரஷ் குழாய்க்குள் ஏறி இறங்குகிற சத்தம் கீழே அடுப்புக்குள் நன்றாகக் கேட்கும். கால் மணி நேரம் கரகரவென்று கேட்கும். பிறகு நின்றுவிடும். அக்கா இறங்கிவர அதற்குப் பிறகும் ஒரு மணி நேரம் ஆகும். இறங்கும்போது கையெல்லாம் கரி, முகம் மட்டும் கழுவியிருக்கும். கண் சிவந்திருக்கும். புகை என்பார். ஆனால் சுத்தம் செய்கிற நாளில் அடுப்பு அணைந்து குளிர்ந்து கிடக்கும். புகை எங்கிருந்து வரும்?

ஒரு வியாழக்கிழமை பிரஷ் சத்தம் நின்றதும் நான் மஜ்லிஸுக்குப் போய், அடுப்புக் கதவைத் திறந்து, தலையை உள்ளே விட்டேன். சாம்பல் வாசனை மூக்கில் ஏறியது. குழாய் வழியாக அக்காவின் குரல் வந்தது. வார்த்தைகள் உடைந்து உடைந்து கேட்டன. ஒன்று மட்டும் தெளிவாக விழுந்தது.

"வந்துராத. நான் சொல்றதக் கேளு. யாருகிட்டயும் சரின்னு சொல்லாம இரு. வந்துராத."

பக்கத்து வீட்டு மாடி எங்கள் மாடியை ஒட்டினாற்போல் இருக்கும். அங்கே ஒரு டிரைவர், நாற்பது வயது, தாடி வைத்த மனிதர், துணி காயப்போட வருவார். என் மனம் இரண்டையும் இரண்டையும் கூட்டி ஐந்து என்று சொல்லியது. அக்காவிடம் போன் கிடையாது என்பது வீட்டில் எல்லாருக்கும் தெரிந்த விஷயம். வெள்ளிக்கிழமை மேடத்தின் போனில் பத்து நிமிடம் வீட்டுக்குப் பேசுவார். மேடம் எதிரே உட்கார்ந்து, மொழி புரியாவிட்டாலும், முகத்தைப் பார்த்துக்கொண்டிருப்பார். போன் இல்லாதவர் யாரிடம் பேசுவார்? ஆள் எதிரில்தான் நிற்க வேண்டும். அல்லது போன் இருப்பதை ஆறு வருடமாக மறைத்திருக்க வேண்டும். இரண்டில் எது என்று தெரியாமல் நான் இரண்டையும் நம்பினேன்.

இதை நான் மனதோடு வைத்திருந்திருப்பேன். ஒரு நாள் துணி தேய்த்துக்கொண்டே போனில் என் அண்ணியோடு பேசிக்கொண்டிருந்தேன். பாபாவின் வெள்ளைத் தோப்பில், அந்த நீள அங்கியில், நெஞ்சுக்கு நேராக, இஸ்திரிப்பெட்டி பழுப்பாகப் பதிந்துவிட்டது. மேடம் வந்து பார்த்தார். என் போனுக்காகக் கையை நீட்டினார். அந்தக் கையைப் பார்த்ததும் என் வாய் தானாகத் திறந்தது. என்னிடம் மட்டும்தானா, அவரிடமும் மாடியில் ஒன்று இருக்கிறது என்றேன்.

மேடம் மாடிக்குப் போனார். சிம்னியின் அடியில், பெயர்ந்த ஒரு கல்லுக்குப் பின்னால், பிளாஸ்டிக் பையில் சுற்றி ஒரு சின்ன போன் இருந்தது. ஆறு வருடம் பொய் சொன்னாயே என்று அரபியில் கத்தினார். அக்கா கையைக் கட்டிக்கொண்டு நின்றார். மாடிச் சாவியை மேடம் வாங்கிக்கொண்டார். வெள்ளிக்கிழமை பேச்சும் ஒரு மாதத்துக்குக் கிடையாது என்றார். என் போன் என்னிடமே இருந்தது.

அன்றைக்கு எங்கள் அறையில் அக்கா கீழ்க்கட்டிலில் படுத்தபடி மேலே என் பலகையைப் பார்த்துக்கொண்டிருந்தார். கேட்பார், கேட்பார் என்று நான் காத்திருந்தேன். என்ன பொய் சொல்லலாம் என்று இரண்டு மூன்று தயார் செய்து வைத்திருந்தேன். அவர் கேட்கவில்லை.

மூன்று வாரம் போயிற்று. குளிர் ஏறிக்கொண்டே இருந்தது. வியாழக்கிழமைகளில் பிரஷ் சத்தம் இல்லை. இருந்தும் அக்கா தினமும் காகிதத் திரி கொளுத்திப் பார்த்துத்தான் பற்றவைத்தார். ஒரு நாள் திரியின் புகை நேராக மேலே போகாமல் தயங்கியது. அன்றோடு நிறுத்திவிட்டார். மேடம் வந்து சத்தம் போட்டார். ஆலங்கட்டி மழை பெய்து ஓய்ந்த மதியம் அது. கிழவர் இரண்டு போர்வைக்குள் நடுங்கிக்கொண்டிருந்தார்.

அக்கா அரபியில் ஒரு வரி சொல்லிவிட்டு, எனக்குக் கேட்கட்டும் என்பதுபோலத் தமிழிலும் சொன்னார். "மேல பாக்காம கீழ பத்தவைக்க என்னால ஏலாது."

போனைப் பிடுங்கியதற்குப் பழிவாங்குகிறாள் என்று மேடம் நினைத்தார். நானும் அப்படித்தான் நினைத்தேன். மேடம் என் பக்கம் திரும்பினார். நான் பற்றவைத்தேன்.

முதலில் கொஞ்சம் புகை கதவோரமாகக் கசிந்தது. ஈர விறகு என்று நினைத்துக்கொண்டேன். கதவை இறுகச் சாத்தியதும் புகை அடங்கியது, தீ சோம்பலாக எரிந்தது. கிழவர் எனக்கு நல்லது சொல்லி வாழ்த்திவிட்டு நாற்காலியில் சாய்ந்தார். நான் ஜன்னலைச் சாத்திவிட்டு, துணி தேய்க்கப் போனேன்.

பொழுது சாயும் நேரம், மஃரிப் தொழுகைக்கு இன்னும் பாங்கு சொல்லவில்லை. அக்கா முற்றத்தில் கொடியிலிருந்து துணி எடுத்துக்கொண்டிருந்தார். எதற்கோ தலையைத் தூக்கி மாடியைப் பார்த்தார். வீட்டுக்குள் தீ எரிகிறது, சிம்னித் தலையில் ஒரு இழை புகைகூட இல்லை. துணியை அப்படியே தரையில் போட்டுவிட்டு ஓடினார். நான் சத்தம் கேட்டு வந்தபோது மஜ்லிஸின் இரண்டு கதவும் ஜன்னலும் திறந்து கிடந்தன. அக்கா கிழவரை நாற்காலியோடு சேர்த்து வாசலுக்கு இழுத்துக்கொண்டிருந்தார். நானும் ஒரு பக்கம் பிடித்தேன். கிழவர் வாந்தி எடுத்தார். கண்ணைத் திறந்து எங்களைப் பார்த்தார், யார் என்று தெரியவில்லை அவருக்கு. பாபா வந்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார். வெளியே போக வழியில்லாமல் நச்சுக்காற்று அறைக்குள்ளேயே நிறைந்துவிட்டது என்று சொல்லி ஆக்சிஜன் வைத்தார்கள். இன்னும் அரை மணி நேரம் போயிருந்தால் என்று டாக்டர் சொன்னாராம். இரண்டு நாளில் வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள்.

பாபா சாவியை எடுத்துக்கொண்டு அக்காவையும் என்னையும் மாடிக்குக் கூட்டிப்போனார். அந்த ஊரில் நாய் மூஞ்சிக் குரங்குகள் கூட்டம் கூட்டமாகத் திரியும். சிம்னிச் சூட்டுக்கு வந்து உட்காருகிற வழக்கம் அவற்றுக்கு. வாராவாரம் அக்கா பிரஷ் கம்பியால் குழாயைத் தட்டி விரட்டிக்கொண்டிருந்திருக்கிறார். மூன்று வாரம் ஆள் வராததால் அவை சிம்னியின் தகர மூடியை நசுக்கி, எங்கிருந்தோ இழுத்துவந்த பிளாஸ்டிக் சாக்கை அதற்குள் திணித்துவிட்டிருந்தன. பாபா அந்தச் சாக்கை உருவி வெளியே போட்டார். பிறகு சாவியை அக்காவின் கையில் கொடுத்தார். கீழே வந்து மேடத்திடம் போனையும் கொடுக்கச் சொன்னார்.

அக்கா போனுக்குச் சார்ஜ் ஏற்றினார். மாடிக்குப் போனார். இந்தத் தடவை தாழ் போடவில்லை. இரண்டு மணி நேரம் கழித்து இறங்கிவந்தவர் சமையலறைத் தரையில் உட்கார்ந்துவிட்டார்.

மாடியில் அவர் ஆறு வருடமாகச் செய்துகொண்டிருந்தது என்ன என்று அன்றுதான் சொன்னார். ஊரில் மகள், மகன், பக்கத்து லய வீட்டு அத்தாச்சி, மூன்று பேரிடமும் தனித்தனியாக ஒரே கேள்விகளைக் கேட்பார். மூன்று பதிலும் பொருந்துகிறதா என்று பார்ப்பார். மேடத்தின் முன்னால், பத்து நிமிடத்தில், அதெல்லாம் முடியாது. சில மாதங்களாகப் பொருந்தவில்லை. நோண்டியதில் மகள் குவைத்துக்கு வீட்டு வேலைக்கு வர ஏஜென்டிடம் போயிருப்பது தெரிந்தது. வந்துராத, வந்துராத என்று வாராவாரம் அவர் மன்றாடிக்கொண்டிருந்தது மகளிடம். போன் பறிபோன மாதத்தில் மகள் விமானம் ஏறிவிட்டாள். மகன் கொழும்பு என்கிறான். அத்தாச்சி தெரியாது என்கிறாள். மகளே எடுத்து, குவைத்தில் இருக்கேம்மா, நல்லா இருக்கேன், நல்ல வீடு என்கிறாள்.

அக்கா ஒரு துண்டுத் தாளை நீட்டினார். அதில் ஒரு நம்பர் இருந்தது.

"அவ எங்கிட்ட உண்மைய சொல்ல மாட்டா. நீ கதைச்சுப் பாரு, வேற ஊருக்காரின்னு சொல்லு. முகத்தப் பாத்துக் கதை."

நான் எதற்கு, என்னை எதற்கு நம்புகிறீர்கள் என்று கேட்டேன்.

"ஒருத்தர்கிட்ட இருந்து விஷயத்த வாங்கி இன்னொருத்தர்கிட்ட சொல்ல உனக்குத்தான் தெரியும், புள்ள."

கோபமாகச் சொல்லவில்லை. உப்பு எங்கே இருக்கிறது என்று சொல்கிற குரலில் சொன்னார். அவ்வளவு நாளும் அவருக்குத் தெரிந்திருக்கிறது.

மறுநாள் மதியம் நான் வீடியோவில் பேசினேன். இருபத்திரண்டு வயதுப் பெண், அக்காவின் அதே நெற்றி. வேலைக்கு வரலாமா என்று யோசிக்கிறேன், அங்கே எப்படி என்று கேட்டேன். முதலில் நல்லா இருக்கு என்றாள். நான் விடவில்லை, அதே கேள்வியை வேறு மாதிரிக் கேட்டேன். அப்போது கையை எடுத்துத் திரையில் காட்டினாள். முழங்கை வரைக்கும் எண்ணெய் கொட்டிய புண். பத்து நாளாக மருந்து இல்லை. பகலில் ஒரு வீடு, சாயங்காலம் கபீலின், விசா கொடுத்த முதலாளியின், தங்கை வீடு, ஒரு வேளைச் சாப்பாடு, படுக்கை ஸ்டோர் ரூமில். வராதீங்க என்றாள். போனை முகத்தருகே கொண்டுவந்தாள்.

"எங்கம்மா அனுப்பினாங்களா? அம்மாகிட்ட சொல்லாதீங்க. அவங்களுக்கும் அங்க என்ன கஷ்டமோ தெரியாது."

சொல்ல மாட்டேன் என்று அவளுக்கு வாக்குக் கொடுத்துவிட்டுப் போனை வைத்தேன். அக்கா சமையலறையில் அரிசி களைந்துகொண்டிருந்தார். கை நின்றது, ஆனால் தலையைத் தூக்கவில்லை. நல்லா இருக்கிறாள் என்று சொல்லிவிடுவது எனக்குச் சுலபம். அந்தப் பெண் கேட்டதும் அதைத்தான்.

"நல்லா இல்லக்கா," என்றேன். கையைப் பற்றிச் சொன்னேன். சாப்பாட்டைப் பற்றிச் சொன்னேன். எதையும் விடாமல் சொன்னேன்.

நிஜமா என்று அவர் கேட்கவில்லை. கையைத் துடைத்துக்கொண்டு நேராக பாபாவிடம் போனார். குவைத்துக் கபீலிடம் பேச வேண்டும், மகளை ஏஜென்சியில் ஒப்படைக்கச் சொல்ல வேண்டும், தனக்கும் ஊர் திரும்ப எக்ஸிட் வேண்டும் என்றார். பாபா நல்ல மனிதர்தான், பேசுகிறேன் என்றார். இப்போதே என் முன்னால் பேசுங்கள், ஸ்பீக்கரில் போடுங்கள் என்றார் அக்கா. பாபாவின் முகம் மாறியது. கிழவர் நாற்காலியிலிருந்தபடியே ஏதோ அதட்டினார், மகனைத்தான் அதட்டினார். பாபா போனை எடுத்தார். அன்றைக்கு ஒன்றும் நடக்கவில்லை. மூன்றாவது தடவை பேசும்போதுதான் அந்தக் கபீல் இறங்கிவந்தான். ஒவ்வொரு தடவையும் அக்கா எதிரில் நின்று ஒவ்வொரு வார்த்தையையும் கேட்டார். மகளை ஏஜென்சிக்கு அனுப்பி, அங்கிருந்து ஆஸ்பத்திரி, பிறகு ஊர். ஐந்து வாரம் ஆயிற்று.

அக்கா கிளம்புவதற்கு முன், சிம்னி வேலையை எனக்குச் சொல்லிக்கொடுக்கும்படி மேடம் கேட்டார். அக்கா முடியாது என்றார். அவ்வளவு நாளும் என்னை பிரஷைத் தொடவிடாதது என்மேல் நம்பிக்கை இல்லாததால் என்றுதான் நினைத்திருந்தேன். அறையில் துணி மடிக்கும்போது காரணத்தைச் சொன்னார். "இது எனக்குத் தெரியும்ங்கறதாலதான் ஆறு வருஷம் என்ன விடல. உனக்கும் தெரிஞ்சா உன்னையும் விட மாட்டாங்க. தெரியாதுன்னே இரு."

பாபா வேறு கம்பெனியிலிருந்து ஒருவனைக் கொண்டுவந்தார். மாடி ஏறி மேலிருந்து சுத்தம் செய்கிறவன். அவன் வேலை செய்து முடிக்கும்வரை அக்கா மாடிச் சுவரில் சாய்ந்து நின்று பார்த்தார். குழாய்த் தலைக்குக் கெட்டியான கம்பிவலைக் கூண்டு ஒன்று போடச் சொன்னார். போட்ட பிறகு இரண்டு கையாலும் பிடித்து ஆட்டிப் பார்த்தார். வெயில்காலத்துக்கு அடுப்புக் கதவை ஒரு விரல் அளவு திறந்தே வைக்க வேண்டும், இல்லாவிட்டால் உள்ளே துருப்பிடிக்கும் என்று மேடத்திடம் சொல்லிவிட்டு, மறுநாள் போய்விட்டார். என்னிடம் விடைபெறும்போது என் பெட்டியைப் பூட்டிவைக்கச் சொன்னார்.

ஏழெட்டு மாதம் ஒரு தகவலும் இல்லை. மகள் ஊர் சேர்ந்துவிட்டாள் என்று பாபா சொல்லியிருந்தார். எனக்கு அதில் முழு நிம்மதி வரவில்லை. ஏஜென்சிக்காரன் சொன்னதை பாபா சொல்கிறார், பாபா சொன்னதை நான் கேட்கிறேன், யார் பார்த்தது என்று உள்ளே ஏதோ அரித்துக்கொண்டே இருந்தது. அடுத்த குளிர்காலத்தின் தொடக்கத்தில் ஒரு நாள், இலங்கை நம்பரிலிருந்து வீடியோ அழைப்பு வந்தது. அக்கா. பின்னால் பச்சையாகத் தேயிலைச் சரிவு, மேலே தகரக் கூரை. கொஞ்சம் இளைத்திருந்தார். நான் எடுத்த எடுப்பிலேயே மகள் எப்படி இருக்கிறாள் என்றுதான் கேட்டேன்.

"நல்லா இருக்கா," என்றார். பிறகு என் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தார். "நான் சொன்னேன்னு நம்பிறாத. இரு."

போனைத் திருப்பினார். படம் ஆடியது. தரை தெரிந்தது, ஒரு கோழி தெரிந்தது, பிறகு ஒரு வாசல். அந்தப் பெண் வாசலில் உட்கார்ந்து தலை சீவிக்கொண்டிருந்தாள். அம்மா அதட்டியதும் சிரித்துக்கொண்டே சட்டைக் கையை மேலே ஏற்றி, முழங்கையைத் திரைக்கு நேராகக் காட்டினாள். தழும்பு இருந்தது. புண் ஆறியிருந்தது.